பைப்பு மாமா வந்தால் வில்லன் தூங்குவார்

அத்தியாயம் 5

"எத்தனை பேருக்குப் பால்ல மயக்க மருந்து கலந்து குடுத்தவன் நான்! எனக்கே ஒருத்தன் கலந்து குடுக்கிறான்னா... அவனுக்கு... என்ன நெஞ்சழுத்தம்!"

ஒரு மனிதர் தன் வாயாலேயே இப்படி ஒப்புக்கொண்டால் நியாயமாக நாங்கள் அவரைப் பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பேசியவர் வில்லன். நிஜ வில்லன் இல்லை. மேடை நாடகம், ரேடியோ நாடகம் என்று ஆயுள் முழுக்க வில்லனாகவே நடித்துத் தீர்த்தவர். அவர் சிரிப்பு ரேடியோவில் வந்தால் தொட்டிலில் கிடக்கும் குழந்தை வீல் என்று கத்துமாம். தொட்டிலை ஆட்டுகிறவரும் சேர்ந்து கத்துவாராம்.

இப்போது அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. வில்லன் என்றால் வாயில் சுருட்டு புகைய வேண்டும் என்று எவனோ ஒருவன் எழுதி வைத்ததில் நுரையீரல் போச்சு. வில்லன் என்றால் கடைசிக் காட்சியில் மாடியிலிருந்து விழுந்து சாக வேண்டும் என்று இன்னொருவன் எழுதி வைத்ததில் முதுகெலும்பு போச்சு. தொழில் கொடுத்த இரண்டு பரிசையும் உடம்பிலேயே சுமந்துகொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் மெல்லிய குழாய். அதன் மறுமுனையில், நாற்காலிக்குப் பின்னால் ஒட்டினாற்போல, குர்ர்... புஸ்... என்று ஓர் ஆக்சிஜன் மெஷின். சட்டைக்குள், முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, தீப்பெட்டி அகலத்தில் ஒரு ஸ்டிக்கர். அதிலிருந்துதான் வலி மருந்து தோல் வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும்.

"இந்த ஸ்டிக்கர் வர்றதுக்கு முன்னாடி நான் உக்காந்ததே இல்ல தம்பி. நின்னா வலி, படுத்தா வலி. நாற்காலியைத் தூரத்துல இருந்து பாத்து... ஏங்குவேன்."

"நாங்க எல்லாம் உக்காந்தே இருந்து ஏங்குறோம் சார்," என்றேன்.

பாஸ் என் காலை மிதித்தார்.

பாஸ் என்றால் துப்பறியும் பூதக்கண்ணாடி அக்கா. தெருவே அப்படித்தான் கூப்பிடும். கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். அதை வைத்து அவர் எதையும் கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை. தேங்காய் எண்ணெய் உறைந்த நாளில் வெயிலில் காட்டி உருக்குவதற்குப் பயன்பட்டது, அவ்வளவுதான். நான் அவருடைய உதவியாளன். பெயர் வாலு. அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவதால் வந்த பெயர் என்று நான் சொல்வேன். வேறு காரணம் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

"காப்பாத்துங்க மேடம்," என்றாள் வில்லனின் மகள்.

"கத்து! நல்லா கத்து! இங்கே உன்னைக் காப்பாற்ற எவனும் வரமாட்டான்!" என்று கர்ஜித்தார் வில்லன். கர்ஜித்துவிட்டு மூச்சு வாங்கினார்.

மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அந்த வார்த்தையை அப்பா முன்னாடி யார் சொன்னாலும் இப்படித்தான். தானா வந்துடும். மன்னிச்சுக்குங்க."

மகள் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். எதிரே நிற்கிற யாரையுமே டிக்கெட் இல்லாமல் ஏறியவர் போலத்தான் பார்ப்பாள். எங்களையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா நல்லாதான் இருப்பார். திடீர்னு ஒரு நாள் சாயங்காலம் நாற்காலியிலேயே தூங்கிடுவார். சாதாரணத் தூக்கம் இல்ல, உலுக்கினாலும் எழுந்திரிக்க மாட்டார். மூச்சு மெதுவா, விட்டு விட்டு வரும். நர்ஸ் சிஸ்டர் சொல்லிட்டாங்க, 'நுரையீரல் இப்படி இருக்கிறவருக்கு இந்த மருந்தைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத்தான் குடுக்கிறோம். மூச்சு மந்தமானா நிறுத்தியே ஆகணும்'னு. அளவைக் குறைச்சும் பாத்தாச்சு, அப்பவும் அதே கதை. இன்னிக்குச் சாயங்காலம் சிஸ்டர் வந்து ஸ்டிக்கரை எடுத்துடப் போறாங்க."

"எடுத்துட்டா மறுபடி படுக்கைதான்," என்றார் வில்லன். குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கு ரேடியோ நாடகக்காரர் மைக்கோட வீட்டுக்கே வர்றார். ஒரே ஒரு சீன். ஒரே ஒரு சிரிப்பு. படுத்துக்கிட்டு எவனாவது வில்லன் சிரிப்பு சிரிப்பானா? சுருட்டை விட்டேன். விழுறதை விட்டேன். ஸ்டிக்கர் மேல சூடு படக் கூடாதுன்னு வெந்நீர்ப் பையைக்கூடப் பரண் மேல போட்டுட்டாங்க, அதையும் விட்டேன். அந்தச் சிரிப்பையும்... விடச் சொன்னா... நான் எதுக்கு மூச்சு விடணும்?"

அதற்கு மெஷின்தான் பதில் சொன்னது. குர்ர்... புஸ்...

"சரி," என்றார் பாஸ். "யார் மேல சந்தேகம்?"

அப்பாவும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: "பைப்பு மாமா!"

பைப்பு மாமா, வில்லனின் மனைவியுடைய அண்ணன். காலமெல்லாம் பிளாஸ்டிக் பைப்பு விற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் பைப்பைப் பற்றிய பேச்சுக்கு ஓய்வு கொடுக்காதவர். அவர் வந்து உட்கார்ந்தால் வில்லன் தூங்கிவிடுகிறார். வராத நாளில் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார்.

"மாமா டீ குடிப்பார். அப்பாவுக்கும் டீ வரும். மாமாவோட கை அப்பாவோட டம்ளர் பக்கம் போகும்," என்றாள் மகள். "நான் பாத்திருக்கேன்."

"மேடம், பைப்பைப் பத்திப் பேசினா யானைக்கே தூக்கம் வரும். அதுக்கு மருந்து எதுக்கு?" என்றேன்.

"பைப்பு மாமா வராத நாள்ல ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லையா?" என்று கேட்டார் பாஸ்.

வில்லன் யோசித்தார். "போன வாரம் ரேடியோக்காரர் வந்தார். வசனம் படிச்சுக்கிட்டு இருக்கும்போதே கண்ணு சொருகிடுச்சு. மானம் போச்சு."

"அது களைப்புப்பா," என்றாள் மகள்.

"ம்," என்றார் பாஸ். அவர் 'ம்' என்றால் எனக்கு வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

வந்தது. சமையலறைப் பக்கமிருந்து ஒரு குரல்: "ஏம்ப்பா, அடுப்பு ரிப்பேருக்கு வந்துட்டு ஹால்ல என்ன பேச்சு?"

சொல்ல மறந்துவிட்டேன். அந்த வீட்டுக்குள் நாங்கள் வாசல் வழியாக வரவில்லை. அண்ணன் மேல் சந்தேகம் என்று தெரிந்தால் அம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவாள் என்று பயந்த மகள், எங்களை அடுப்பு ரிப்பேர்காரர்கள் என்று சொல்லிக் கொல்லைப்பக்கமாகக் கூட்டிவந்திருந்தாள்.

சமையலறைக்குப் போனோம். வில்லனின் வீட்டம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு. உறை தைப்பது. டிவிக்கு உறை. ஃப்ரிட்ஜுக்கு உறை. ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குத் தனி உறை. ரிமோட்டுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, மேஜைக் கால்களுக்கு சாக்ஸ் மாதிரி நாலு உறை. தலையணை உறை அழுக்காகாமல் இருக்க அதற்கு மேல் ஒரு உறை. அந்த வீட்டில் உறை போடாமல் இருந்தது மனிதர்களும் அந்த ஆக்சிஜன் மெஷினும்தான்.

"அடுப்புல என்ன பிரச்சினைன்னு எனக்கே தெரியல, நல்லாத்தானே எரிஞ்சுது," என்றார் அந்த அம்மா.

"நல்லா எரியிற அடுப்புதாம்மா ஆபத்து. எப்ப கெடும்னு தெரியாது," என்றேன்.

பாஸ் கண்ணைக் காட்டினார். நான் அடுப்பைக் கழற்ற ஆரம்பித்தேன். கழற்றுவது எனக்கு நன்றாக வரும். கொஞ்ச நேரத்தில் அடுப்பு, அடுப்பாக இல்லாமல் பல நல்ல சாமான்களாக மேடை முழுக்கப் பரவியது. அதை எப்படித் திரும்ப மாட்டுவது என்ற கேள்வி அப்போதுதான் என் மனதில் உதித்தது.

வாசலில் மணி அடித்தது.

"ஐயையோ, அண்ணன்!" என்று அந்த அம்மா பதறினார். பரபரவென்று அலமாரியைத் திறந்து, ரோஸ் நிறத்தில் ஏதோ ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினார். ஜன்னல் திரையாக இருக்கும் என்று நினைத்தேன். நான் நினைப்பது எப்போதும் இப்படித்தான்.

நாங்கள் சமையலறைக் கதவிடுக்கில் கண்ணை வைத்தோம். பாஸ் மேலே, நான் கீழே.

பைப்பு மாமா நுழைந்தார். ஆளும் பைப்பு மாதிரியே நெட்டையாக, நடுவில் வளைவு இல்லாமல் இருந்தார். வில்லனுக்கு எதிரே உட்கார்ந்தார். நலம் விசாரிக்கவில்லை.

"மாப்ள, வர்ற வழியில பாத்தேன், உங்க பக்கத்து வீட்டுல மாடிக்குப் பைப்பு போடுறான். எல்போ ஜாயின்ட் போட வேண்டிய இடத்துல டீ ஜாயின்ட் போட்டிருக்கான். இவனெல்லாம் உருப்படுவானா?"

"உருப்பட மாட்டான் மச்சான்," என்றார் வில்லன்.

"அண்ணே, டீ போட்டுக் கொண்டு வர்றேன்," என்று உள்ளே வந்த அந்த அம்மா, அடுப்பிருந்த இடத்தைப் பார்த்தார். அடுப்பு இல்லை. என்னைப் பார்த்தார். நான் கையில் ஒரு பர்னரை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

"என்னப்பா இது! என் அடுப்பைக் கொத்துக்கறி போட்டு வெச்சிருக்க!"

"உள்நோய் இருந்துச்சும்மா. வெளியே தெரியல."

"அண்ணே, டீ கிடையாது!" என்று அழாத குறையாகக் கத்தினார் அந்த அம்மா. தண்ணீர்கூடக் கொண்டு போகவில்லை, என்னைத் திட்டவே நேரம் சரியாக இருந்தது.

டீ இல்லாமல் போனதில் பைப்பு மாமா துவண்டுவிடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்தார். "மாப்ள, இதையாவது வாயில போடு."

பாஸ் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் நான் ஹால் நடுவில் போய் நின்றேன். வில்லனின் உள்ளங்கையிலிருந்த மிட்டாயைப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன்.

"அடுப்பு கழட்டி இருக்கும்போது வீட்டுக்காரர் மிட்டாய் சாப்பிடக் கூடாது சார். கேஸ் பிடிச்சுக்கும்," என்றேன்.

பைப்பு மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி என்ன, கேஸ் லைனா? உக்காரு. கேஸ் பைப்புக்கும் தண்ணிப் பைப்புக்கும் என்ன வித்தியாசம், சொல்லு பாக்கலாம்."

சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். ஜாயின்ட் என்றார், பெண்டு என்றார், வால்வு என்றார். என் கண்ணிமைகள் கனத்தன. ஐயோ, மிட்டாயில்தான் மருந்து! அக்கா, நான் போகிறேன்! என் சைக்கிளை நல்ல மனிதர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று மனதுக்குள் உயில் எழுதிக்கொண்டே தரையில் சாய்ந்தேன்.

"சாப்பாடு ரெடி," என்று காதருகே ஒரு குரல்.

துள்ளி எழுந்தேன். "எங்கே?"

பாஸ் என் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். "இவன் தூக்கம் நல்ல தூக்கம்," என்றார். "பைப்புத் தூக்கம். மிட்டாய்ல ஒண்ணும் இல்ல." பிறகு திரும்பி வில்லனைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

வில்லனின் தலை தொங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"மாப்ள பாவம், என் பேச்சுன்னா அவனுக்குத் தாலாட்டு மாதிரி," என்றார் பைப்பு மாமா பெருமையாக.

அவ்வளவுதான், மகள் வெடித்தாள். "நடிக்காதீங்க மாமா! என்ன குடுத்தீங்க எங்கப்பாவுக்கு? டிக்கெட் இல்லாதவன் முழிக்கிற முழி எனக்குத் தெரியாதா?"

"நானா? நானா?" பைப்பு மாமா எழுந்து நின்றார். "என் ஜென்மத்துல பைப்பைத் தவிர வேற எதையும் நான் யாருக்கும் குடுத்ததில்லம்மா!"

"என் அண்ணனைப் பத்தி என்னடி பேசுற!" என்று அந்த அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

"எல்லாரும் வாயை மூடுங்க!" என்றார் பாஸ்.

மூடினோம்.

"டீ இல்ல. தண்ணி இல்ல. மிட்டாயை இந்த வாலு முழுங்கிட்டான். இவர் வாய்க்குள்ள இன்னிக்கு எதுவுமே போகல. இருந்தாலும் தூங்கிட்டார். வாய் வழியாப் போகலைன்னா?"

பேசிக்கொண்டே வில்லனின் காதருகே குனிந்தார். "காப்பாத்துங்க!" என்று கத்தினார்.



யார் சொன்னாலும் தானாக வருகிற வசனம் வரவில்லை. அதுவரை எனக்கு இந்தக் கேஸ் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவர் மார்பைக் கவனித்தேன். ஏறியது. இறங்கியது. அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த பிறகுதான் மறுபடி ஏறியது.

பாஸ் அவரை நிமிர்த்துவதற்காக முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்தார். கொடுத்த கை அப்படியே நின்றது.

"வாலு. இங்க கை வை."

வைத்தேன். சட்டை சுட்டது. இப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்த மாதிரி.

"இந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?"

நாற்காலிக்குப் பின்னால், ரோஸ் நிறத்தில், ஓரமெல்லாம் சுருக்கம் வைத்து, நடுவில் இரண்டு கிளிகள் முத்தமிடும் பூவேலையோடு, ஒரு சின்னக் கல்யாணப் பெண் மாதிரி ஏதோ நின்றது. பாஸ் அந்தத் துணியை உருவினார்.

அனல் அடித்தது. உள்ளே இருந்தது ஆக்சிஜன் மெஷின். குர்ர் புஸ் என்ற சத்தம்கூட இல்லை, க்ர்ர்ர்ர்... என்று ஈனஸ்வரத்தில் முனகிக்கொண்டிருந்தது. அந்த அறையில் மூச்சு முட்டிக் கிடந்தது இரண்டு பேர். ஒருவர் வில்லன். இன்னொருவர் அவருடைய மெஷின்.

"நாற்காலியை இழு! பொண்ணே, சிஸ்டருக்கு போன் போடு!"

நான் இழுத்தேன். மகள் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். சிஸ்டர் தெருமுனைக்கே வந்துவிட்டிருந்தார். நடந்துகொண்டே பேசினார்: "ஸ்டிக்கரை உரிச்சு எடுங்க, பசைப் பக்கம் கையில படாம உள்பக்கமா மடிங்க. அந்த இடத்தை வெறும் தண்ணியில துடைங்க. உக்கார வெச்சு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, மூச்சு விடச் சொல்லிக்கிட்டே இருங்க. தூங்க விடாதீங்க. இதோ வந்துட்டேன்."

பைப்பு மாமாதான் துடைத்தார். குழாய் ஜாயின்ட்டைத் துடைப்பது போல அவ்வளவு சுத்தமாகத் துடைத்தார். "மாப்ள, மூச்சை இழு மாப்ள. இழு. இனிமே பைப்பைப் பத்திப் பேச மாட்டேன். சத்தியமா. இழு."

சிஸ்டர் உள்ளே வந்ததும் யாரையும் விசாரிக்கவில்லை. விரலில் கிளிப்பை மாட்டினார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், மார்பில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டரைப் போனில் பிடித்தார். "ஆமா டாக்டர்... சூடு டாக்டர்... இல்ல, எடுத்தாச்சு... இன்னும் கொஞ்ச நேரத்துல தெளியலைன்னா வண்டியிலேயே கூட்டிட்டு வந்துடுறேன்."

நாங்கள் சுவரோரம் வரிசையாக நின்றோம். அந்த அம்மா கையில் இன்னும் கரண்டி இருந்தது.

"சூடு பட்டா அந்த ஸ்டிக்கர் மருந்தை மொத்தமாக் கொட்டிடும்," என்றார் பாஸ் மெதுவாக. "அதனாலதான் வெந்நீர்ப் பை கூடாதுன்னாங்க. பையைப் பரண்ல போட்டீங்க. ஆனா இந்த மெஷினுக்கு உறை போட்டா அதுவே ஒரு வெந்நீர்ப் பை. காத்து போக வழியில்லாம கொதிக்கும். பிரம்பு நாற்காலி, முதுகுல ஓட்டை ஓட்டையா இருக்கு. சூடு நேரா ஸ்டிக்கர்ல போய் விழும். அவருக்கு இதமா இருந்திருக்கும், இன்னும் நல்லா சாஞ்சிருப்பார்."

"ஆனா மாமா வர்ற நாள்ல மட்டும் ஏன்?" என்றாள் மகள்.

"மாமா வர்ற நாள்ல மட்டும் இல்ல, ரேடியோக்காரர் வந்த நாள்லயும். விருந்தாளி வர்ற நாள்ல. உங்கம்மா விருந்தாளி வந்தாத்தான் மெஷினுக்கு உறை போடுறாங்க."

"அப்ப நாம வந்தப்ப ஏன் போடல?" என்றேன்.

"அடுப்பு ரிப்பேர்காரனுக்கெல்லாம் கிளி போட்ட உறை போடுவாங்களாடா?"

மனசு வலித்தது. ஆனால் நியாயம்தான்.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணி ஒரு தடவை வந்துட்டுப் போய்ச் சொன்னாங்க, 'வீடா இது, ஆஸ்பத்திரி வார்டா'ன்னு. ஊரெல்லாம் சொன்னாங்க. அதான்... வர்றவங்க கண்ணுல அது படக் கூடாதுன்னு... கிளியெல்லாம் போட்டு... அழகாத்தானே தச்சேன்..."

"மெஷின் மேல எதுவும் வெக்கக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனேம்மா," என்றார் சிஸ்டர், கையை மார்பிலிருந்து எடுக்காமலே.

"வெக்கலையே சிஸ்டர். போத்தித்தானே விட்டேன்..." என்றபடியே அந்த அம்மா நாற்காலியின் காலைக் கட்டிக்கொண்டார். "நானே இவர் மூச்சை நிறுத்தப் பாத்தேனே! ஐயோ, யாராவது வந்து காப்பாத்துங்களேன்!"



"கத்து..." என்றது ஒரு கிணற்றுக் குரல். "நல்லா... கத்து... இங்கே உன்னைக் காப்பாற்ற... எவனும் வரமாட்டான்..."

வில்லனின் ஒரு கண் திறந்திருந்தது.

அந்த அம்மா அழுதுகொண்டே அவர் தோளில் ஓர் அடி வைத்தார். மகள் பைப்பு மாமாவைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். பைப்பு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லம்மா, லீக் ஆனா முதல்ல ஜாயின்ட்டைத்தான் சந்தேகப்படணும்," என்றார். சத்தியம் அவ்வளவு நேரம்தான் தாங்கியது.

வில்லனுக்கு ஒரே கவலை. "சிஸ்டர்... ஸ்டிக்கர்?"

சிஸ்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உரிச்சு எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். இவங்க முந்திக்கிட்டாங்க." பையை மூடினார். "மருந்து தப்புப் பண்ணல, கிளிதான் பண்ணியிருக்கு. தோலுக்குள்ள இன்னும் மருந்து இருக்கு, ராத்திரி வலி தெரியாது. நான் இங்கேயே இருந்து பாக்கிறேன். நீங்க நல்லாத் தெளிஞ்சிருந்தா நாளைக்குப் புதுசு ஒட்டலாம்னு டாக்டர் சொன்னார். அதே சின்ன அளவுதான். இந்தத் தடவை முதுகுல இல்ல, நெஞ்சுல, எல்லாருக்கும் தெரியிற இடத்துல. ரேடியோக்காரரை ரெண்டு நாள் தள்ளி வரச் சொல்லுங்க. கண்ணு சொருகுதுன்னா, மூச்சு மந்தமாகுதுன்னா அந்த நிமிஷமே எனக்கு போன் வரணும். புரியுதா?"

"புரியுது," என்று எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சொன்னோம். நானும் சொன்னேன். எனக்கு ஸ்டிக்கரே இல்லை.

பதிவு நாளன்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இந்த முறை வாசல் வழியாக. அடுப்பு பாக்கி இருந்ததால் நான் ஸ்பேனரோடு போனேன்.

ஹாலில் ரேடியோக்காரர் மைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார். பைப்பு மாமா வந்திருந்தார். அவர் பக்கத்தில், மூக்கை ஒரு பக்கமாகச் சுருக்கிக்கொண்டு, அண்ணி. சாட்சாத் அந்த அண்ணியே.

மெஷின், நாற்காலியிலிருந்து கை நீளம் தள்ளி, உறையும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் அறை நடுவில் நின்றது. அண்ணியின் கண் நேராக அதில்தான் போய் விழுந்தது. அந்த அம்மாவின் விரல்கள் முந்தானையைத் திருகின. அலமாரிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். போகவில்லை.

வில்லன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரேடியோக்காரர் கையசைத்தார். வில்லன் சிரித்தார்.

"ஹா... ஹா..."

நின்றுவிட்டது. மூச்சு போதவில்லை. மகள் என் கையைப் பிடித்து நசுக்கினாள். மெஷின் மட்டும்: குர்ர்ர்... புஸ்ஸ்... குர்ர்ர்... புஸ்ஸ்...

"...ஹா!"

அண்ணியின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. பைப்பு மாமா வாயைத் திறந்தபடியே, ஒரு வார்த்தை வராமல் உட்கார்ந்திருந்தார். என் பிடரி மயிர் எல்லாம் எழுந்து நின்று கைதட்டியது.

வில்லன் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்குங்க. நடுவுல மூச்சு வாங்கிடுச்சு. மெஷின் சத்தமும் விழுந்திருக்கும். இன்னொரு தடவை..."

"தொடவே தொடாதீங்க!" ரேடியோக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். அவர் முகமே வெளுத்திருந்தது. "அந்த நடு இடம்தான் சார் அடிவயித்தைக் கலக்குது! சிரிப்பு நிக்குது, இருட்டுல பின்னாடி ஏதோ ஒரு மிருகம் மூச்சு விடுது, அப்புறம் கடைசியா ஒரு ஹா! அந்த உறுமல் யாருது சார்? அதையும் வசனத்துல சேக்கணும்."

யாரும் பதில் சொல்லும் முன்பே அந்த அம்மா எழுந்தார். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். அண்ணியை நேருக்கு நேர் பார்த்தார்.

"அது எங்க வீட்டு மெஷின் அண்ணி," என்றார். "இனிமே அதுவும் ரேடியோல நடிக்குது."

கிளி போட்ட உறை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாஸின் பூதக்கண்ணாடிக்குப் பெரிதாக இருந்தது. இரண்டாக மடித்தால் என் சைக்கிள் சீட்டுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது.